முகவரி ஊருக்கெல்லாம் தெரியணும், குப்பை மட்டும் வரக்கூடாது!

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தமிழ்ச் சங்கத்தின் மின்னஞ்சல் முகவரி ஒரு வீட்டு வாசல் மாதிரி. புதிதாக மாற்றலாகி வருகிற குடும்பமும், சிகிச்சைக்காக ஊரிலிருந்து நோயாளியை அழைத்து வருகிறவரும் தட்டுகிற கதவு அது. ஆகவே அதை ஒளித்து வைக்க முடியாது. ஆனால் வெளியிட்டால் "பரிசு விழுந்திருக்கிறது", "வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது" என்று குப்பை அஞ்சல்களும் குவியும். அந்தக் குப்பைக்கு நடுவே நோயாளியின் கடிதம் கண்ணில் படாமல் போனால், நஷ்டம் அவருக்கு.

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. ரே டாம்லின்சன் 1971இல் மின்னஞ்சல் முகவரிக்கு @ குறியைக் கொண்டு வந்தார். ஏழே ஆண்டுகளில், 1978 மே 3 அன்று, கேரி துயர்க் என்ற கணினி விற்பனையாளர் சுமார் 400 பேருக்குக் கேட்காமலே விளம்பர மடல் அனுப்பினார். முகவரிகள் கிடைத்தது எங்கே? அச்சடித்த உறுப்பினர் கையேட்டில்!

இப்போது அந்த வேலையை மனிதர்கள் செய்வதில்லை. முகவரி அறுவடை செய்யும் நிரல்கள் வலைப்பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, @ குறிக்கு முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளை எடுத்துக்கொண்டு போய்விடும். இணையத்தில் ஏற்றிய ஆண்டு மலரும் அவற்றுக்கு விருந்துதான்.

சரி, இதுக்கு என்னதான் வழி?

அரசுத் தளங்கள் பலவற்றில் @ குறிக்குப் பதிலாக [அட்] என்றும், புள்ளிக்குப் பதிலாக [டாட்] என்றும் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செலவில்லாத வழி. ஆனால் கெட்டிக்கார நிரல்கள் இதையும் கற்றுக்கொண்டுவிட்டன. முகவரியைப் படமாகப் போடலாம். ஆனால் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் நிரல்களும் வந்தாயிற்று. தொடர்புப் படிவம் இன்னும் நல்லது. எழுதுகிறவர் படிவத்தை நிரப்புவார், முகவரி பக்கத்திலேயே இருக்காது.

எல்லாவற்றிலும் உறுதியானது தனி முகவரி. செயலாளரின் சொந்த முகவரியைப் போடாமல், பதவியின் பெயரில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகிகள் மாறினாலும் அது மாறாது. குப்பை மிகுந்தால் வேறொன்றுக்கு மாறலாம். சொந்த முகவரி சுத்தமாகவே இருக்கும். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால் + குறி போட்டு "மலர்" என்பது போல ஒரு சொல்லைச் சேர்த்தாலும் கடிதம் உங்களுக்கே வரும். முகவரி எங்கிருந்து கசிந்தது என்று அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது நாமே செய்கிற கசிவு. பொங்கல் விழா அழைப்பை அனுப்பும்போது எல்லா உறுப்பினர் முகவரியையும் "பெறுநர்" இடத்தில் போட்டால், ஒவ்வொருவர் கையிலும் முழுப் பட்டியலும் போய்ச் சேருகிறது. அதில் ஒரே ஒரு கணினியில் வைரஸ் புகுந்தால் போதும், அத்தனை பேர் முகவரியும் போச்சு. "மறைநகல்" என்ற இடத்தில் போடுங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது.

இவ்வளவு செய்தாலும் கொஞ்சம் குப்பை வரத்தான் செய்யும். அதற்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினால் முகவரி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதே சமயம், குப்பைப் பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். நல்ல கடிதமும் தவறி அங்கே விழுவதுண்டு. ஜிமெயில் அதை 30 நாளில் அழித்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் போலி மடலை நம்பிப் பணம் இழந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். முகவரிக்கும் அதுவே பொருந்தும். சங்கத்தின் முகவரி எல்லோருக்கும், சொந்த முகவரி வேண்டியவர்களுக்கு மட்டும்.