‘எல்லாம் நல்லதுக்குத்தான்’னு சொல்லலாமா? அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். சுத்துக்கேணியில் பயிரையும் மாட்டையும் இழந்த ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துக்கம் விசாரிக்கப் போற நாம, ‘விடுங்கண்ணே, எல்லாம் நல்லதுக்குத்தான்’னு சொல்றோம். அது சரியா?

அது என்ன வளர்ச்சி?

பெரிய அடிக்குப் பிறகு சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதோடு நிற்பதில்லை. முன்பு இல்லாத மாற்றத்தையும் உணர்கிறார்கள். இதற்கு ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி’ என்று 1990-களில் பெயர் வைத்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன். 1996-ல் இதை அளக்க 21 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். அது பார்ப்பது 5 விஷயங்கள்: உறவில் நெருக்கம், புதிய வழிகள், மனவலிமை, ஆன்மிகம், வாழ்க்கையின் அருமை.

கவனிங்க, வளர்ச்சியைத் தருவது வெள்ளம் இல்லை. அதற்குப் பிறகு மனசு நடத்தும் போராட்டம். வலியும் வளர்ச்சியும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்.

இப்போ ஆய்வு எந்தப் பக்கம் போகுது?

‘நான் மாறிட்டேன்’னு ஒருவர் சொல்வதை அப்படியே நம்பலாமா என்பதுதான் இன்றைய பெரிய விவாதம். 2009-ல் பட்ரீசியா ஃப்ரேசியர் குழு, கல்லூரி மாணவர்களை அதிர்ச்சிக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தது. அவர்கள் சொன்ன வளர்ச்சியும் அளவீட்டில் தெரிந்த மாற்றமும் பெரிதாகப் பொருந்தவில்லை. அதனால், ஒருமுறை கேட்டு முடிக்காமல், ஒரே ஆட்களை நீண்ட காலம் பின்தொடரும் ஆய்வுகள் வேண்டும் என்ற குரல் வலுத்திருக்கிறது.

நம்ம ஊர்ல?

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோர மக்களிடம் வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் பேசினார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், மனநலச் சேவைகளைவிட சொந்த முயற்சி, ஊர்க்கூட்டு, நம்பிக்கை ஆகியவற்றையே மக்கள் அதிகம் மதித்தது தெரியவந்தது.

அப்போ என்ன சொல்வது?

வளர்ச்சி சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வரலைன்னா அது தோல்வி இல்லை. ‘நல்லதுக்குத்தான்’ என்பதை அவங்க சொன்னா கேட்டுக்கலாம். நாம முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும். தூக்கமின்மையோ பயமோ வாரக்கணக்கில் நீடித்தால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.