கிட்னி மாற்றியவர்களே உஷார்! கழுத்துக் கட்டியை அலட்சியம் செய்யாதீர்

சென்னை, சிந்தாதிரிப்பேட்டை அருகே ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரி. கொஞ்சம் தள்ளி, சென்ட்ரல் அருகே ஜி.எச். மாற்றுக் கிட்னி பொருத்தியவர்களுக்கு அது பழகிப்போன பாதை.

வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே இந்த ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் 1984 டிசம்பரில் அமெரிக்காவில் எம்.ஜி.ஆருக்கு அண்ணன் மகள் லீலாவதியின் சிறுநீரகம் பொருத்தப்பட்ட பிறகுதான் பட்டிதொட்டி எங்கும் இந்தப் பேச்சு பரவியது.

"ஆபரேஷன் முடிஞ்சது, பிழைச்சோம்" என்று இருப்பவர்களைப் பின்னால் வந்து தாக்கும் எதிரி ஒன்று உண்டு. அதன் விவரம் வருமாறு:-

பழைய கேடி

எதிரியின் பெயர் எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964-ல் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. எச்சில் மூலம் பரவும். பெரியவர்களில் நூற்றுக்கு தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் இது இருக்கிறது. சும்மா படுத்துக் கிடக்கும். காரணம், ரத்தத்தில் உள்ள காவல் அணுக்கள்.

புதுக் கிட்னியை அந்தக் காவல் அணுக்கள் அந்நியன் என்று தாக்காமல் இருக்க, தினமும் மாத்திரை கொடுத்து அவற்றை அடக்கி வைக்கிறார்கள். ஸ்டேஷனில் போலீஸ் தூங்கினால் பழைய கேடி சும்மா இருப்பானா? வைரஸ் தலைதூக்குகிறது. அது குடியிருக்கும் வெள்ளை அணுக்கள் கண்டபடி பெருகுகின்றன. முற்றினால் நிணநீர்ப் புற்றுநோய்!

கிட்னி மாற்றியவர்களில் நூற்றில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இதில் சிக்குகிறார்கள். முதல் வருஷத்தில் ஆபத்து அதிகம். பல வருஷம் கழித்தும் வரலாம். முன்பு இந்த வைரஸ் தொற்றாத குழந்தைகளுக்கு அபாயம் கூடுதல்.

அறிகுறி என்ன?

கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் கட்டி. விடாத காய்ச்சல். இரவில் வியர்வை. எடை குறைவு. சிலருக்கு குடலில் வரும். மாற்றிய கிட்னியிலேயே கூட வரும்.

"பல்லுவலி நெறிதான், ரெண்டு மாத்திரை குடுங்க" என்று மருந்துக் கடையில் நிற்பது முதல் தப்பு. பயந்துபோய் கிட்னி மாத்திரையைத் தானே நிறுத்துவது அதைவிடப் பெரிய தப்பு. கிட்னியே பறிபோய்விடும்!

தப்ப வழி உண்டு

கட்டியில் துளி சதை எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். மாத்திரையின் அளவைக் குறைத்ததுமே சிலருக்குக் கட்டி கரைந்ததை அமெரிக்க டாக்டர் ஸ்டார்சல் குழுவினர் 1984-ல் வெளியிட்டனர். இன்றும் முதல் சிகிச்சை அதுதான். கேட்காவிட்டால் ரிட்டுக்ஸிமாப் ஊசி, கீமோ சிகிச்சை.

எவ்வளவு குறைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர் மட்டுமே. கட்டி கையில் தட்டுப்பட்டால், அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திராமல் கிட்னி டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.