திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவே 128

திருத்தணியிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நகரி. நடுவில் மாநில எல்லை. ம.பொ.சி. முதலானோர் போராடிய பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது.

கணினிக்குள்ளும் தமிழும் தெலுங்கும் பக்கத்து வீடுதான். யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை. அடுத்த எண்ணான 3072-லேயே தெலுங்கு ஆரம்பம். ஆளுக்கு 128 இடம்.

இன்னொரு சுவாரசியம்: நம்ம க 2965, தெலுங்கு க 3093. வித்தியாசம் சரியாக 128. த, ப, ம எதை எடுத்தாலும் இதே கணக்குதான். 1988-இல் வந்த இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டு முறை பல இந்திய மொழிகளுக்கும் ஒரே வரிசை வைத்தது. யூனிகோடு அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

அப்போ தெலுங்கில் எழுதிய ஊர்ப்பெயரில் எழுத்துக்கு எழுத்து 128 கழித்தால் தமிழ் வந்துவிடுமா? ‘திருத்தணி’ அச்சு பிசகாமல் வரும். ‘நகரி’ வராது. தெலுங்கில் அதன் நடு எழுத்து, ‘தங்கம்’ என்கிறபோது ஒலிக்கிற க. அதற்குத் தனி எழுத்து, எண் 3095. 128 கழித்தால் 2967. தமிழில் அந்த இடம் காலி. திரையில் வெறும் கட்டம்தான் தெரியும்.

அங்கே க போட்டு ஒப்பேற்றிவிடலாம். ஆனால் திரும்பிப் போகும்போது மாட்டிக்கொள்வோம். நம்ம ‘கோபி’யோடு 128 கூட்டினால் தெலுங்கில் வல்லின க-வோடு ‘கோப்பி’ மாதிரி ஒரு சொல் வரும். அதற்குக் கோபக்காரன் என்று அர்த்தம்! எதிர்ப்பக்கமும் ஓட்டை உண்டு: நம்ம ன-வுக்கு நேரான 3113 தெலுங்கில் காலி. ழ-வுக்கு நேரான 3124-க்கு 2014-இல்தான் ஆள் வந்தது. பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் இருந்த எழுத்து அது.

இது வெறும் எண் விளையாட்டு இல்லை. எல்லையின் இரண்டு பக்கமும் சொந்தமும் நிலமும் உள்ளவர்களுக்குப் பட்டா, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கணும். ஒரு எழுத்து மாறினால் ஆளே வேறு.

அதனால் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மொழியில் வாங்கிய பெயரை இன்னொன்றுக்கு மாற்றினால், மூலத்தை அழிக்காதீர்கள். இரண்டையும் வையுங்கள். மாற்றியது சரியா என்று பெயருக்கு உரியவரிடமே காட்டிக் கேளுங்கள். கோபியா கோபக்காரனா என்று அவருக்குத்தான் தெரியும்.