அறுபது ரூபாய் புத்தகம்

போன மாதம் ஒரு சனி, ஞாயிறு காரைக்குடியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் நிறைய உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, மரப்பெட்டி, கண்ணாடி போட்ட சாமி படம் என்று பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். விலையைக் கேட்டால் ஆசை தானாக அடங்கிவிடும்!

நாத்தனார் ஊறுகாய் ஜாடிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, கடை மூலையில் சில பழைய புத்தகங்கள் கிடப்பதைப் பார்த்தேன். புரட்டினால், எஸ்.மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'! 1951-ல் முதன்முதலில் வந்த புத்தகம். இப்போதும் புதிதாகக் கிடைக்கிறது. ஆனால் என் கையில் இருந்தது பழைய பதிப்பு. அட்டை இல்லை. ஓரமெல்லாம் மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கு. கடைக்காரர் 150 ரூபாய் சொன்னார். "அட்டையே இல்லையேப்பா" என்று பேசிப் பேசி 60 ரூபாய்க்கு வாங்கினேன். "இந்தக் குப்பைக்கா அறுபது ரூபாய்?" என்று என்னவர் சிரித்தார்.

ஊருக்கு வந்து புளிக்காய்ச்சல் செய்யலாம் என்று பிரித்தால், ஆழாக்கு, பலம் என்று பழைய அளவாகப் போட்டிருக்கிறது. கிலோ, லிட்டருக்கு 1956-ல்தான் சட்டமே வந்ததாம். எனக்கு ஒன்றும் விளங்காமல் மாமியாரிடம் கொண்டுபோனேன்.

அத்தைக்கு 72 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் மாமனார் தவறியதும், கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். பொங்கல், தீபாவளி என்றால் முப்பது பேருக்குச் சமைத்தவர், இங்கே "உன் வீடும்மா, நீ பாரு" என்று அடுப்படிப் பக்கமே வரமாட்டார். சாப்பாடு எப்படி என்று கேட்டாலும் "நல்லாருக்கு" என்ற ஒரே வார்த்தைதான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர், "இதெல்லாம் எங்கம்மா காலத்து அளவு, எழுதிக்கோ" என்றார். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. 3 தோலா 1 பலம், 40 பலம் 1 வீசை. என் மகள் கணக்குப் போட்டாள்: ஆழாக்கு சுமார் 168 மில்லி, பலம் சுமார் 35 கிராம், வீசை 1 கிலோ 400 கிராம்.

புத்தக ஓரத்தில் யாரோ ஒரு அம்மா பென்சிலால் 'காரம் பாதி போதும்', 'தீபாவளிக்கு இரண்டு பங்கு' என்றெல்லாம் குறித்திருந்தார். பெயர் இல்லை. அதைத் தடவிப் பார்த்த அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பென்சில் இருக்காம்மா?" என்று கேட்டு வாங்கி, புளிக்காய்ச்சல் பக்கத்தில் 'வறுத்த வெந்தயப் பொடி கடைசியில்' என்று எழுதினார். எழுதியதோடு எழுந்து வந்து அடுப்பையும் பற்ற வைத்தார்!

இப்போது ஞாயிற்றுக்கிழமை சமையல் அத்தையுடையது. மற்ற நாளில் "உப்பு பத்தலை" என்று உரிமையோடு சொல்கிறார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா?

தோழிகளே, பழைய புத்தகம் வாங்கும்போது நடுவில் பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, செல் அரித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். அலமாரியில் நாலு வசம்புத் துண்டு போட்டால் பூச்சி அண்டாது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய சமையல் நோட்டை எடைக்குப் போடும் முன், வீட்டுப் பெரியவர் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.