அணைக்கும் கையும் மறைக்கும் கையும்

"குடி குடியைக் கெடுக்கும்" என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் வாக்கு. குடிப்பவர் ஒருவர், துன்புறுவதோ குடும்பம் முழுவதும். அக்குடும்பத்தார் அவரிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

மதுவுக்கு அடிமையாதல் ஒரு நோய். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-ஆம் ஆண்டிலேயே இதனை ஏற்றுக்கொண்டது. ஆகவே ஏச்சும் பேச்சும் இதற்கு மருந்தாகா. அதே வேளையில், மூடி மறைப்பதும் மருந்தாகாது.

பல வீடுகளில் நடப்பது என்ன? முதல் நாள் குடித்ததால் தந்தை வேலைக்குப் போகவில்லை. "அவருக்குக் காய்ச்சல்" என்று தாய் சொல்லி அனுப்புகிறார். அவர் பட்ட கடனைத் தம் வளையலை அடகு வைத்து அடைக்கிறார். உறவினர் கேட்டால் பிள்ளைகளும் பொய் சொல்லப் பழகுகின்றனர். இவை யாவும் அன்பினாலும், மானத்துக்கு அஞ்சியும் செய்பவையே. ஆனால் குடியின் கசப்பை எல்லாம் குடும்பமே விழுங்கிவிட்டால், குடித்தவருக்கு அது எப்படித் தெரியும்? தெரியாதவருக்குத் திருந்தும் எண்ணம் எப்படிப் பிறக்கும்?

அப்படியானால் செய்ய வேண்டியவை எவை?

போதையில் இருப்பவரிடம் வாதாடுவது வீண். மறுநாள் காலையில், அவர் தெளிவாக இருக்கும்போது, நடந்ததை நடந்தபடி அமைதியாகச் சொல்ல வேண்டும். சோறும், அன்பான சொல்லும், மருத்துவ உதவியும் மறுக்கலாகாது. குடிக்கப் பணமும், அவருக்காகச் சொல்லும் பொய்யும் மறுக்கப்பட வேண்டும். செய்ய இயலாததைச் சொல்லி மிரட்டுதல் கூடாது. சொன்னதைச் செய்யாமல் விடுதலும் கூடாது. அடிக்க வந்தால், பிள்ளைகளுடன் பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிடுவதே முறை.

இரண்டு எச்சரிக்கைகள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே மருத்துவர் துணையுடனேயே நிறுத்த வேண்டும். குடியை நிறுத்தும் மருந்தை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுப்பதும் ஆபத்து. டைசல்ஃபிரம் என்னும் மருந்து உடலில் இருக்கையில் குடித்தால் கடும் வாந்தியும் படபடப்பும் உண்டாகும்; இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிர் போகவும் கூடும்.

இத்துன்பத்தைத் தாமே அனுபவித்தவர்கள் பிறருக்கு வழி அமைத்துள்ளனர். அமெரிக்காவில், குடியிலிருந்து மீண்ட பில் வில்சனின் மனைவி லோயிஸ், குடிப்போரின் குடும்பத்தாருக்காக 1951-இல் அல்-அனான் அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தார். நம் சென்னையில், கணவரைக் குடியால் இழந்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கப்படுகிறது. போதை மீட்புக்கான அரசின் இலவச உதவி எண் 14446. சிறுவர் சிறுமியருக்கு 1098.

அன்பு மாணவியரே, தந்தை குடிப்பதற்கு நீங்கள் காரணம் அல்ல. அவரைத் திருத்துவது உங்கள் தலைமேல் விழுந்த பொறுப்பும் அல்ல. மனத்துக்குள் புழுங்காமல், நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடம் மனம் திறந்து பேசுங்கள். குடிப்பவரை அணைக்கும் கையை எடுத்துவிட வேண்டாம். குடியை மறைக்கும் கையை மட்டும் எடுத்துவிடுவோம்.