ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே சிகிச்சை தொடங்கட்டும்

நெஞ்சைப் பிசைகிறது என்று வீட்டில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், புதுச்சேரியில் இன்றும் பலர் ஆட்டோவைத்தான் தேடுகிறார்கள். தெருமுனை கிளினிக், பிறகு ஜி.எச்., பிறகு கோரிமேட்டில் ஜிப்மர் என்று வாசல் வாசலாக ஏறி இறங்குகிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்குள் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும்.

வண்டிக்குள் என்ன நடக்க வேண்டும்?

மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதயத் தமனியில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது. அடைப்பைக் கரைக்கும் ஊசியானாலும் ஆஞ்சியோபிளாஸ்டியானாலும், எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு தசை பிழைக்கும். மருத்துவப் பணியாளர் நோயாளியைப் பார்த்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. அந்த 10 நிமிடம் ஆம்புலன்ஸிலேயே தொடங்கலாம்.

மார்பிலும் கை கால்களிலும் 10 இணைப்புகளை ஒட்டி, 12 கோணங்களில் எடுத்த ஈசிஜியை மொபைல் இணைப்பு வழியாக இதய மருத்துவருக்கு அனுப்பிவிடலாம். ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு, சர்க்கரை ஆகியவையும் கூடவே போகும். பள்ளம் மேட்டில் வண்டி குலுங்கினால் ஈசிஜிக் கோடு சிதறும். அதனால் அந்த ஒரு நிமிடம் வண்டியை ஓரம் கட்டி எடுப்பது நல்லது. வீடியோ அழைப்பு தடுமாறும் இடங்களில்கூட சிறிய ஈசிஜிப் பதிவு போய்ச் சேர்ந்துவிடும்.

இதில் மிச்சமாகும் நேரம் பெரியது. நள்ளிரவில், ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கேத் லேப் குழுவினரை வீட்டிலிருந்து வரவழைக்கும் வேலை, நோயாளி வழியில் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஆனால் கருவி வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. இரவு 2 மணிக்கும் அந்தப் பதிவைப் பார்த்து, ‘இங்கே கொண்டு வாருங்கள்’ என்று சொல்லும் பொறுப்பு ஒரு மருத்துவரிடம் இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத கருவியால் யாருக்கும் பயன் இல்லை.

பக்கத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்

ஈசிஜியைத் தொலைவுக்கு அனுப்புவது புதிதல்ல. நெதர்லாந்து ஆய்வாளர் ஐந்தோவன் 1905-லேயே, மருத்துவமனையிலிருந்த நோயாளியின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே தன் ஆய்வகத்தில் பதிவு செய்தார்.

நம் பக்கத்துத் தமிழ்நாட்டில் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லாசரி ஆகியோர் மாரடைப்பு நோயாளிகளுக்கான ‘ஸ்டெமி’ திட்டத்தை நடத்தினார்கள். சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ் சேவையோடு ஒரே வலையில் கோத்த திட்டம் அது. 2,420 நோயாளிகளின் விவரங்கள் 2017-இல் ஆய்வாக வெளிவந்தன. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6-லிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதாவது நூறு குடும்பங்களில் மூன்றுக்கு மேற்பட்டவை கூடுதலாக ஓர் உயிரைத் தக்கவைத்துக்கொண்டன.

காரைக்கால் சாலை

புதுச்சேரிக்கு இது இன்னும் அவசியம். நம் காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து மேல்சிகிச்சைக்குக் கிளம்பும் ஆம்புலன்ஸ், தமிழ்நாட்டின் சீர்காழி, சிதம்பரம், கடலூரைக் கடந்துதான் ஜிப்மர் வர முடியும். மாரடைப்பு, தலைக்காயம், பாம்புக்கடி, குறைமாதக் குழந்தை என எதுவானாலும் அவ்வளவு நேரமும் நோயாளியின் உயிர் வண்டியிலிருக்கும் ஒரு பணியாளர் கையில்.

ரத்த அழுத்தம் இறங்குவதை ஜிப்மர் மருத்துவர் திரையில் பார்த்தால், மருந்தை மாற்றச் சொல்லலாம். தாங்காது என்றால் சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் அரசு மருத்துவமனைக்கே திருப்பச் சொல்லலாம். இதற்கு இரண்டு அரசுகளும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். எல்லைக்கோடு ஒரு நோயாளியின் உயிருக்குக் குறுக்கே வரக்கூடாது.

வீட்டில் இருப்பவர்கள்

நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் இழுத்தல் என்றால் 108-ஐ அழையுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள். வண்டி ஓட்டவும் விடாதீர்கள். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து, பழைய மருந்துச்சீட்டுகளையும் ஈசிஜியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸில் ஈசிஜி எடுக்கும் சில நிமிடங்களுக்கு, ‘ஏன் இன்னும் கிளம்பவில்லை’ என்று பணியாளரோடு சண்டை போடாதீர்கள்.

சாலையில் செல்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவர்களுக்கு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். அபராதத்துக்குப் பயந்தாவது, அண்ணா சாலையில் சைரன் கேட்டதும் ஓரம் ஒதுங்குங்கள்.