கண்ணாடிப் படகு! காலடியில் பவளத் தோட்டம்!

கடல் விழுங்கிய 2 தீவுகள்

பாம்பனில் புதிய ரெயில் பாலம் 2025-ம் ஆண்டு ஏப்ரலில் திறந்தாகி விட்டது. ராமேசுவரத்துக்கு மறுபடியும் நேராக ரெயில். நாலு நாள் லீவு வந்தால் போதும், மூட்டை முடிச்சோடு கிளம்பி விடுகிறார்கள்.

கோவில், தீர்த்தம், தனுஷ்கோடி. அதோடு திரும்பி விடுவதுதான் வழக்கம். ஆனால், பாம்பனில் தெற்கே எட்டிப் பார்த்தால் கடலில் பச்சைத் திட்டுகள் தெரியும். அந்தப் பக்கமும் ஒரு நடை போய் வரலாம். படகில்!

21 தீவுகள்

அதுதான் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. ராமேசுவரம் பக்கம் ஆரம்பித்து தூத்துக்குடி வரை, கரையை ஒட்டி 21 தீவுகள். சுற்றிலும் பவளப் பாறைகள், கடல் புல். 1986-ல் தமிழக அரசு இதைப் பூங்காவாக அறிவித்தது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்கு மரமும் தேடாதீர்கள். இங்கே தோட்டம் தண்ணீருக்கு அடியில்!

பாம்பன் அருகே குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. 1897-ல் விவேகானந்தர் வந்து இறங்கிய அதே குந்துகால்தான். குருசடையும் லேசுப்பட்ட இடம் இல்லை. இந்தத் தீவின் கடல் உயிர்களைப் பற்றி 1927-லேயே சென்னை அருங்காட்சியகம் புத்தகம் போட்டது.

ஏர்வாடி பக்கம் பிச்சை மூப்பன் வலசையில் அடியில் கண்ணாடி பதித்த படகு. கை நனையாமல், உட்கார்ந்த இடத்திலேயே குனிந்து பார்க்கலாம். பவளம், கடல் புல், வண்ண மீன்கள்... பிள்ளைகள் கண்ணாடியை விட்டு நகராது.

ஆண் கடல், பெண் கடல்

தீவுக்கு வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல் என்பார்கள் ராமேசுவரத்துக்காரர்கள். இந்த 21 தீவுகளும் ஆண் கடலில். ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிளம்பினால் கடல் கலங்கி விடும். "இவ்வளவு தூரம் வந்தாச்சே, கொண்டு போய்த்தான் ஆகணும்" என்று படகுக்காரரிடம் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. கலங்கின தண்ணீரில் கண்ணாடி வழியாக என்ன தெரியும்? தை, மாசி, பங்குனியில் போங்கள். படகு உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள்.

கடல் பசுவைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பி விடாதீர்கள். இந்தியா முழுவதும் சில நூறுதான் மிஞ்சி இருக்கிறது. கூச்ச சுபாவம் உள்ள பிராணி. கண்ணில் பட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம்!

கல் இல்லை, உயிர்!

பவளப் பாறை என்கிறோமே, அது வெறும் கல் இல்லை. சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டம் கூட்டமாகச் சுண்ணாம்பு வீடு கட்டிக் குடியிருக்கின்றன. உருண்டைப் பாறை மாதிரி இருக்கும் ரகம் வருஷத்துக்கு ஒரு விரற்கடைகூட வளராது. ஒரு நங்கூரம் மேலே விழுந்தால், பல வருஷத்து வேலை ஒரு நிமிஷத்தில் காலி.

முன்பெல்லாம் "கல்லுதானே!" என்று வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கு, தொழிற்சாலைக்கு, வீட்டுச் சுவருக்கு என்று வள்ளம் வள்ளமாகப் போனது. அலையைத் தடுத்த சுவரை நாமே இடித்து விட்டோம். விளைவு? கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டித் தீவு, தூத்துக்குடி பக்கம் விலாங்குச்சல்லித் தீவு, இரண்டும் தண்ணீருக்கு அடியில் போய் விட்டன. ஏட்டுக் கணக்கில் 21. கடலில் எண்ணினால் 19!

கரியாச்சல்லித் தீவு 1969-ல் 20 எக்டேருக்கு மேல் இருந்தது. 2018-ல் 6 எக்டேருக்கும் கீழே. பக்கத்தில் உள்ள வான் தீவும் கரைந்து கொண்டே வந்தது. கான்கிரீட்டில் செயற்கைப் பாறை செய்து கடலில் இறக்கி அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். கடல் சும்மா கட்டிக் கொடுத்த சுவரை இன்று காசு போட்டுக் கட்ட வேண்டியிருக்கிறது.

போதாததற்கு வெயில் வேறு. கடல் நீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் வெளுத்து விடும். 2010-லும் 2016-லும் இங்கே அப்படித்தான் ஆனது.

கையைக் கட்டுங்கள்

"இன்னும் கிட்டப் போப்பா", "இங்கே கொஞ்சம் இறங்கிக்கிறோம்" என்று படகுக்காரரை நச்சரிக்காதீர்கள். அனுமதி இல்லாத தீவில் இறங்கினால் வழக்கு வரும். காலி பாட்டில், பிஸ்கட் உறை எல்லாம் கரைக்குத் திரும்பி வரட்டும்.

கடைசியாக ஒன்று. ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று பவளத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக் கொள்வதும், கடையில் விலைக்கு வாங்குவதும் வேண்டவே வேண்டாம். 2001 முதல் புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. வீட்டு ஷோகேசில் வைத்திருப்பதே குற்றம். டிக்கெட் பார்க்கிறதுக்குத்தான் ஸார், பறிச்சுக்கிட்டு வர்றதுக்கு இல்லை!